வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகள்

ஜூன் 4, செவ்வாய்

ஒரு ஆறு மாடி அலுவலகத்துக்கு அவசர வழி வரைபடம் முடித்தேன். சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்', அங்கிருந்து பச்சை அம்புகள், படிக்கட்டு, தெரு. லிப்ட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். லிப்ட் வரும்வரை ஜனங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு எனக்குக் கிடைத்திருக்கும் பொது மரியாதை இதுதான்.

வாரமெல்லாம் மனிதர்கள் எப்படி வெளியேறுவது என்று வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக, அவர்கள் எப்படி மாட்டிக்கொள்வது என்று வரைகிறேன். இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தூக்கம் போவது அதனால்தான்.

போன ஞாயிறு நடந்தது இன்னும் தொண்டையில் நிற்கிறது. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த பாதாளம். ஒரு நிலத்தடி ஆறு, ஆற்றின்மேல் பாலம், பாலத்துக்குக் கீழே பசியோடு ஒன்று. என்னோடு ஆடும் நான்கு பேரும் டீ ஆறுவதற்குள் உள்ளே போய்ப் புதையலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பசியோடு இருந்தது பசியோடே இருக்கிறது. ஒரு இடத்தில்கூட 'இடமா, வலமா' என்று முழிக்கவில்லை. ஏதோ சொந்த சமையலறைக்குப் போவது போலப் போனார்கள். எப்படி?

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்குப் பிரிவுப் பெண் கேட்டாள், "சார், ஞாயித்துக்கிழமை என்னமோ விளையாடுறீங்களாமே, அது என்ன?"

சொன்னேன். மேசையைச் சுற்றி உட்காருவோம். நான் ஒரு பாதாளத்தை வரைந்து மறைத்து வைத்துக்கொண்டு, 'எதிரே ஒரு கதவு இருக்கிறது' என்பேன். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேஷம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரக்காரி. என்ன செய்கிறார்கள் என்று வாயால் சொல்வார்கள். அது பலித்ததா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம்.

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"அடுத்த ஞாயிறு கிடைக்கும்."

பாவமாகப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டது போலிருந்தது.


ஜூன் 6, வியாழன்

வேலை ஓடவில்லை. நான்கு பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளைப் புரிந்துகொள்ள அவர் வீடு வரை போக வேண்டியதில்லை, ஒரு மூடிய கதவைக் காட்டினால் போதும்.

பல் டாக்டர்: அடுத்த தெருவில் கிளினிக். ஆட்டத்தில் அவர் கையில் எப்போதும் ஒரு நீளக் கழி இருக்கும். ஒவ்வொரு தரைக்கல்லையும் அதனால் தட்டிப் பார்த்த பிறகுதான் அடி எடுத்து வைப்பார். "டாக்டர், இது வாய் இல்ல, வராந்தா" என்று ஒரு தடவை சொன்னேன். "எல்லாமே வாய்தான் சார். உள்ள போன அப்புறம்தான் வண்டவாளம் தெரியும்" என்றார்.

வக்கீலம்மா: என்னைவிட மூத்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். கத்தி எடுத்ததே இல்லை. எதிரே எது வந்தாலும் குறுக்கு விசாரணைதான். பாழடைந்த கோட்டையில் ஒரு பேயை அனுப்பினேன். "நீ இங்க குடியிருக்கிறதுக்கு என்னப்பா ஆதாரம்?" என்று கேட்டார். பேய்க்கு, அதாவது எனக்கு, பதில் தெரியவில்லை. கோட்டையைக் காலி செய்துவிட்டது.

கேக் கடைக்காரர்: கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிற கை. ஆட்டத்தில் பரம கஞ்சர். கிடைத்ததையெல்லாம் பைக்குள் போட்டுக்கொள்வார், எதையும் எடுக்க மாட்டார். உயிர் பிழைக்க வைக்கும் நீலக் குப்பி ஒன்று மூன்று வருஷமாக அந்தப் பையில் கிடக்கிறது. ஒரு சண்டையில் குற்றுயிராகக் கிடந்தார். குடிங்களேன் என்றோம். "இருக்கட்டும் அண்ணே. இதவிட மோசமான நேரம் வரலாம்."

நான்காவது என் மச்சினன். மனைவியின் தம்பி, லிப்ட் மெக்கானிக். நான் 'எதிரே ஒரு கத...' என்று ஆரம்பிக்கும்போதே "உதைக்கிறேன்" என்பான். அவன் வீரன் எதிரிகளின் மண்டையை உடைத்ததைவிடத் தன் காலை உடைத்துக்கொண்டதுதான் அதிகம்.

உதைப்பான் என்று எழுதுகிறேன். உதைத்துக்கொண்டிருந்தான். போன நவம்பரில், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இரண்டு பெட்டியோடு வந்தான். கல்யாணம் முறிந்திருந்தது. வேலையை விட்டிருந்தான். அன்றிலிருந்து எங்கள் மாடி அறையில் இருக்கிறான். சாப்பாடு மேலே போகிறது, கழுவின தட்டு கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது. ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் சவரம் செய்துகொண்டு கீழே இறங்கி மேசைக்கு வருவான். ஏழு மாசத்தில் அவன் செய்யும் ஒரே வெளியூர்ப் பயணம் அந்தப் படிக்கட்டுதான்.

வந்து உட்கார்ந்து, "நீங்க எல்லாரும் என்ன செய்யறீங்களோ அதையே செய்யறேன்" என்கிறான். இந்த ஏழு மாசமாக ஒரு கதவைக்கூட உதைக்கவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு அளவுகோல் உண்டு. "ஞாயித்துக்கிழமை இறங்கறான் இல்ல, இப்போதைக்கு அது போதும்" என்கிறாள்.


ஜூன் 9, ஞாயிறு

பயந்தது நடந்துவிட்டது.

இன்றும் அரை மணியில் முடித்துவிட்டார்கள். பகடையைக்கூட அதிகம் உருட்டவில்லை. பல் டாக்டர் கழியைக் கீழே வைத்துவிட்டு (இல்லாத கழிதான், ஆனாலும் வைத்தார்), "சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் இதுவரை சரியாக எடுத்துக்கொண்டதில்லை.

"கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா? எனக்கு பாட்மிண்டன் கூப்பிடறாங்க. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

கேக் கடைக்காரர் தான் கொண்டுவந்த கேக்கையே முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா பேசவில்லை. அவர் பேசாவிட்டால் தீர்ப்பு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மச்சினன், "சரி, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்து மேலே போய்விட்டான். கேக்கைக்கூடத் தொடவில்லை.

இன்னும் இரண்டு மூன்று ஞாயிறு பாருங்கள், புதிதாக ஒன்று வரைகிறேன் என்று நான் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு மனைவி வாசல்படியில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏங்க, இதுவும் நின்னு போச்சுன்னா அவன் எதுக்குக் கீழ வருவான்?"


ஜூன் 10, திங்கள்

நாற்காலி பிடிக்கவில்லை, பேனா பிடிக்கவில்லை. மத்தியானம் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வண்டியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து காவலாளி கூடவே தேட ஆரம்பித்தார். என்னிடம் வண்டி கிடையாது. அவர் மனம் நோகக் கூடாதே என்று கொஞ்ச நேரம் நானும் தேடினேன்.


ஜூன் 13, வியாழன்

இன்றைய கூத்தை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேதான் எழுத வேண்டும்.

புதுப் பாதாளத்தை ஆபீஸ் கணினியிலேயே வரைந்து அச்செடுத்திருந்தேன். (மன்னிக்க வேண்டியவர்கள் மன்னிக்கட்டும்.) பிரிண்டரின் அதே தட்டில் ஒரு கிடங்கின் அடித்தள வரைபடமும் கிடந்திருக்கிறது. மேலாளர் வந்து இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதை என்று எனக்குத் தெரியும்போது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தே முடித்திருந்தார். வேலை போயிற்று என்று நின்றேன்.

"ரொம்ப சுத்தமா இருக்குய்யா" என்றார். "எந்த அறைக்குப் போனாலும் ரெண்டு வழி. முட்டுச்சந்தே இல்ல. கதவு அத்தனையும் வெளிய போற திசையில திறக்குது. இந்த ஏழாம் அறையில மட்டும் 'எலும்புக் குவியல்'னு போட்டிருக்கே, அது வழியில இருக்கு. ஓரமா அடுக்கி வைக்கச் சொல்லு."

கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

என் பாதாளம் தீப் பாதுகாப்பு ஆய்வில் தேறிவிட்டது.

என் இடத்துக்கு வந்து பழைய பாதாளங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். மூன்று வருஷத்துக் குகைகள், கோட்டைகள், ஒரு மூழ்கிய கப்பல். ஒன்றில்கூட முட்டுச்சந்து இல்லை. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல். ஒவ்வொரு கதவும் வெளிப்பக்கம். நெருப்பு கக்கும் மிருகம் குடியிருக்கும் அறைக்கு அகலமாக இரட்டைக் கதவு போட்டிருக்கிறேன். யாருக்காக? அந்த மிருகம் தப்பிப்பதற்காகவா?


ஜூன் 14, வெள்ளி

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எது தம்பி?"

"கதவு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ரெண்டாவது குகையிலேர்ந்தே தெரியும். நீங்க ஒவ்வொரு தடவையும் 'இழுத்துத் திறக்கறீங்க', 'தள்ளித் திறக்கறீங்க'ன்னு வக்கணையாச் சொல்லுவீங்க இல்ல? இழுத்தா உள்ள போறோம், தள்ளினா வெளிய போறோம். மாட்டிக்கிட்டா ரெண்டாவது கதவைத் தேட வேண்டியது. இதுக்கு மேல என்ன வழிகாட்டி வேணும்?"

"சொல்லியிருக்கலாமே."

"தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது எந்தச் சட்டத்துலயும் குத்தம் இல்ல. நீங்க சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

"யார் கண்டுபிடிச்சது?"

"உங்க மச்சினன்தான். இத்தனை உதைச்சும் ஒரு கதவும் உள்ள போகலியேன்னு யோசிச்சாராம். அப்புறம்தான் புரிஞ்சதாம், நம்ம பக்கம் திறக்கிற கதவை உதைச்சு என்ன பிரயோஜனம்னு."

"அப்புறமும் உதைச்சிட்டிருந்தானே?"

"நானும் கேட்டேன். 'அத்தான் ஒரு நாள் மறந்துபோய் ஒரு கதவைத் திருப்பிப் போட்டுடுவார், அன்னிக்கு நான்தான் முதல்ல உள்ள விழணும்'னார்."

போனை வைத்த பிறகு வெகு நேரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.


ஜூன் 15, சனி

வீட்டையே ஒரு சுற்று பார்த்துவந்தேன். குளியலறைக் கதவு வெளிப்பக்கம். சமையலறைக் கதவு வெளிப்பக்கம். மாடி அறைக் கதவு படிக்கட்டு முகப்பை நோக்கி, வெளிப்பக்கம். வீடு கட்டும்போது தச்சரிடம் நான் பிடித்த பிடிவாதம் ஞாபகம் வந்தது. "இது வீடா, சினிமாக் கொட்டகையா?" என்று கேட்டார் அவர். மாடி அறைக் கதவு திறந்து மனைவியின் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டில் இடித்தது இந்த ஏழு மாசத்தில் எத்தனையோ தடவை. படியேறும்போதே "திறக்காதே, வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவாள். நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டுச்சந்து வரைய உட்கார்ந்தேன். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கதவு. கை வரவில்லை. சுவரின் கோடு சேரப் போகும்போது விரல் தானாக ஒரு இடைவெளி விடுகிறது. தாளைக் கிழித்தேன். மறுபடி வரைந்தேன். ஜன்னல் வைத்து, ஜன்னலுக்கு வெளியே ஏணியும் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.


ஜூன் 16, ஞாயிறு

ஆட்டம் இல்லை. இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன். மூன்று மணிக்கு மாடியில் காலடிச் சத்தம் கேட்டது, கதவு வரை வந்து திரும்பியது. சவரம் செய்திருப்பானோ?


ஜூன் 19, புதன்

யோசனை வந்துவிட்டது.

ஒரு கோபுரம். உச்சியில் ஒரு அறை. அதில் ஒரு ராட்சசன் தூங்குகிறான். கீழே ஊர் ஜனங்கள் கயிற்றில் கட்டிச் சாப்பாடு அனுப்புகிறார்கள். அவன் எழுந்தால்தான் ஊருக்கு விடிவு. அந்த அறைக்கு ஒரே கதவு, உள்பக்கமாகத் திறக்கும் கதவு. மச்சினன் காத்துக்கொண்டிருந்த கதவு. எவ்வளவு நாசூக்கு பார்த்தாயா? இதைப் பார்த்தும் அவன் உதைக்காமல் இருப்பானா?

மனைவியிடம் காட்டினேன். கோபுரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேண்டாங்க."

"ஏன்? அவனுக்குத் தெரியவே தெரியாது."

"அவன் லிப்ட் மெக்கானிக். முட்டாள் இல்ல."

உனக்கு இந்த ஆட்டம் புரியாது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.


ஜூன் 23, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கோபுரப் படிகளில் உண்மையாகவே திணறினார்கள். இரண்டு இடத்தில் வழி தப்பினார்கள். பல் டாக்டர் பாட்மிண்டனை மறந்து பகடையை ஊதி ஊதி உருட்டினார். உச்சி அறை வந்தது. நான் மச்சினன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், "எதிரே ஒரு கதவு. உள்பக்கமாகத் திறக்கும் கதவு."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீலம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவன் பகடையைக் கையில் எடுத்தான். உருட்டவில்லை.

"அந்த அறைக்கு வேற கதவு இருக்கா?"

"இல்லை. இது ஒண்ணுதான்."

"ஜன்னல் மேற்குப் பக்கமா?"

வாய் தவறி ஆமாம் என்றேன். எங்கள் மாடி அறை ஜன்னலும் மேற்குதான்.

"சாப்பாடு மேல வருது. ராட்சசன் எத்தனை நாளா தூங்கறான்?"

ஏழு மாசம் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பகடையை மேசையில் மெதுவாக வைத்தான். "பேய்க்கும் பிசாசுக்கும்கூட ரெண்டு வழி வச்சுத்தான் வரைவீங்க. முதல் தடவையா ஒரே வழி வச்ச அறை எனக்கா, அத்தான்?"

மேலே போனான். கதவு சாத்தும் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

கேக் கடைக்காரர், "அண்ணே, நாங்க கிளம்பட்டுமா?" என்றார். கேக்கை விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்றாவது சொல்லக்கூடாதா?


ஜூன் 25, செவ்வாய்

தட்டு கழுவாமல் வெளியே வந்தது. சாப்பாடு பாதி மிச்சம்.


ஜூன் 27, வியாழன்

மாடிக்குப் போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். வாயைத் திறந்தால் வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. இறங்கி வந்துவிட்டேன்.

அவன் கம்பெனி மேலாளர் என் மனைவிக்குப் போன் செய்தாராம். இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம், ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாதாம். அதை யார் மேலே போய்ச் சொல்வது?


ஜூன் 30, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்று மணிக்கு மூவரும் வந்தார்கள். மேசை, ஐந்து நாற்காலி, ஒன்று காலி, மேலிருந்து சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பல் டாக்டர்தான் எழுந்தார். நிறுத்தலாம் என்று சொன்ன அதே பல் டாக்டர். "கதவுதானே சார்? வாங்க போய்ப் பார்க்கலாம்."

மாடியில் அறைக்கு வெளியே இருப்பது ஒரு கட்டில்கூடப் போட முடியாத இடம். அங்கே நான்கு பேர். மனைவி பாதிப் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் நடந்ததை நான் ஜோடிக்கவில்லை.

பல் டாக்டர் மண்டியிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தார். பழக்க தோஷம். பிறகு கைப்பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக் கதவின் அடி இடுக்கில் நுழைத்தார்.

"என்ன தெரியுது?"

"கட்டில் கால். ஒரு செருப்பு. ஒட்டடை." கொஞ்சம் திருப்பினார். "ஆள் தெரியல. ஆனா கட்டிலும் காலியா இருக்கு."

வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். கதவைப் பார்த்து, நீதிபதியிடம் பேசுவது போல: "தம்பி, நீங்க எழுந்து போயிட்டீங்க, சரி. உங்க வீரன் எழுந்து போகலியே. அவன் இன்னும் அந்தக் கோபுரத்துப் படியிலதான் நிக்கறான். ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம. அவனுக்கு என்ன வழின்னு சொல்லிட்டுப் போங்க."

கேக் கடைக்காரர் நின்று கால் வலித்து, கதவில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தார். தன் சரக்கைத் தானே ருசி பார்க்கும் உடம்பு, கதவு முனகியது. வக்கீலம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். பல் டாக்டர் ஏற்கெனவே தரையில். நான் ஒருத்தன் மட்டும் எதற்கு என்று நானும் உட்கார்ந்தேன். நான்கு பேரும் ஒரு கதவில் சாய்ந்துகொண்டு பேசாமல் இருப்பது, என்னமோ, அந்த வாரம் முழுக்க நான் இருந்த இருப்புக்கு அதுவே தேவலை என்றிருந்தது.

அப்போது கேக் கடைக்காரர், யாரையும் பார்க்காமல் சொன்னார். "அண்ணே, என் பையிலேர்ந்து அந்த நீலக் குப்பிய எடுக்கறேன். அவர் வீரனுக்குக் குடுக்கறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் பல் டாக்டர். "யோசிச்சாச்சு டாக்டர். இதவிட மோசமான நேரம் எதுக்கு வரணும்?"

உள்ளே ஏதோ அசைந்தது. பிறகு கதவில் ஒரு இடி.

"உதைக்கிறார்" என்றார் பல் டாக்டர் மெதுவாக.

இன்னொரு இடி. கேக் கடைக்காரர் குலுங்கினார். கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். "போயிடறோம்பா, போயிடறோம்" என்று எழப் போனேன்.

"ஐயோ அத்தான்" என்றது கதவு. "நகர்ந்து உக்காருங்க முதல்ல. பத்து நிமிஷமா தள்ளிட்டிருக்கேன், திறந்தாத்தானே?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் வக்கீலம்மாவின் கண்ணாடி படியில் உருண்டது. மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். எட்டு மாசமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு வேறு ஏதோவாக மாறி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. ஒரு வாரத் தாடியோடு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. கேக் கடைக்காரரிடம், "குப்பிய இப்பவே எழுதிக் குடுங்க. கீழ போறதுக்குள்ள மனசு மாறிடுவீங்க" என்றான்.

அங்கேயே, தரையில், ஆட்டம் நடந்தது. உட்காரும் முன் அவன் கேட்டான், "அந்த உச்சி அறை. வேற கதவு நிஜமா இல்லியா?"

"இருக்கு" என்றேன். "வரையத்தான் விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். அப்புறம் பகடையை எடுத்தான்.

உதைத்தான்.

இருபதுக்கு மூன்று விழுந்தது. கதவு அசையவில்லை. கால் சுளுக்கு. விதி விதிதான், நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவன் சிரித்தான்.


ஜூலை 4, வியாழன்

தட்டு கழுவி வந்தது. அதன்மேல் ஒரு சீட்டு: 'கட்டம் போட்ட தாள் இருக்கா?'


ஜூலை 7, ஞாயிறு

கோபுரம் முடிந்தது. ராட்சசனை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். வாசனைக்கு அவனே எழுந்துவிட்டான். நான் அதை எழுதி வைத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் எழுப்பினேன்.


ஜூலை 21, ஞாயிறு

மச்சினன் வரைந்த பாதாளம். அவன் நடத்த, நான் முதல் தடவையாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அறையிலும் நுழைந்ததும், "வெளிய போற வழி எத்தனை?" என்று கேட்டேனாம். நான்காவது அறையில் எல்லோரும் சேர்ந்து என் குரலிலேயே கேட்டார்கள்.

முட்டுச்சந்து, முட்டுச்சந்துக்குள் முட்டுச்சந்து. லிப்ட் ஒன்று வைத்திருக்கிறான், படுபாவி. நின்றால் நின்றதுதான். முதல் மணி நேரத்திலேயே செத்துப்போனேன். என் பாதாளத்தில் இதுவரை ஒருவரும் செத்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மீதி நேரம் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இல்லை. ஆனால் இது வேறு மாதிரி நிம்மதியின்மை. அடுத்த வேஷம் என்னவென்று யோசிக்கிறேன்.


ஜூலை 29, திங்கள்

காலை ஆறரைக்கு மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் பழுதாம். மனைவியின் ஆஸ்பத்திரி அல்ல, வேறொன்று. மனைவி வாசல் வரை போய் நின்றாள். கையசைக்கவில்லை. திரும்பி வந்து, "காபியில சர்க்கரை போட மறந்துட்டேன், பேசாம குடிச்சிட்டுப் போயிட்டான்" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள்.


செப்டம்பர் 1, ஞாயிறு

எங்கள் வீட்டு மேசையில் இன்று யாரும் இல்லை. மாடி அறையில் என் வரைகருவிகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அமைதி தாங்கவில்லை. இரண்டரைக்கே கிளம்பிவிட்டேன்.

மச்சினன் வாடகைக்கு எடுத்திருக்கும் இடம் மூன்றாவது மாடி. லிப்ட் இருக்கிறது, அவன்தான் சரி செய்தானாம். லிப்ட்டுக்குப் பக்கத்தில் அவசர வழி வரைபடம், அம்புகள் தப்பான பக்கம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டேன்.

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பல் டாக்டர் கதவுப் பிடியைப் பிடித்து இழுத்தார். வக்கீலம்மா இழுத்தார். கேக் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கேக் கடைக்காரர் இழுத்தார். கதவு அசையவில்லை.

"பூட்டியிருக்கு" என்றார் வக்கீலம்மா. "மறந்துட்டு வெளிய போயிட்டார் போல."

மறந்துவிட்டு வெளியே போயிருக்கிறான். அதைக் கேட்கவே எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பூட்டல அத்தான். சாதாரண வீட்டுக் கதவு."

என் ஒரு கையில் கேக் பெட்டி, இன்னொரு கையில் பகடைப் பை, கக்கத்தில் சுருட்டிய தாள்கள். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

உதைத்தேன். இப்போது எழுதும்போதும் கட்டைவிரல் விண்விண் என்கிறது. கதவு திறந்துகொண்டு உள்ளே போய்ச் சுவரில் இடித்தது.